மாதவிடாய் நின்றபின் தோன்றும் யோனி நலிவும் லேசர்ச் சிகிச்சையும்: பழவேற்காட்டு ஏரிக்கரைப் பெண்களை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

மாதவிடாய் நின்ற பெண்களுக்கு யோனிச் சுவர் மெலிந்து வறள்வதும், அதனால் உடலுறவின்போது வலி உண்டாவதும் பரவலாகக் காணப்படும் உடல்நலச் சிக்கல்களாகும். இவற்றைத் தீர்க்கும் 'அறுவையில்லா' முறையாக லேசர்ச் சிகிச்சை கடந்த பத்தாண்டுகளுக்கு மேலாக முன்னிறுத்தப்பட்டு வருகிறது. இச்சிகிச்சை செயற்படுவதாகக் கூறப்படும் விதம், அதன்மீது நிகழ்ந்த சோதனைகளின் முடிவுகள், அதற்கு முன்பே கைவசமுள்ள எளிய மருந்துகள் ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. திருவள்ளூர் மாவட்டம் சுண்ணாம்புக்குளம் உள்ளிட்ட பழவேற்காட்டு ஏரிக்கரை ஊர்களின் பெண்களுக்கு இவற்றுள் எது எட்டக்கூடியது, எது எட்டாமற்போகிறது என்பதும் ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: மாதவிடாய் நிற்றல், யோனி நலிவு, லேசர்ச் சிகிச்சை, போலிச் சிகிச்சைக் குழு, எஸ்ட்ரியால், பழவேற்காடு, சுண்ணாம்புக்குளம்.

முன்னுரை

தமிழ்ப் பாட்டியல் நூல்கள் பெண்ணின் பருவங்களை ஏழாக வகுத்துள்ளன. பேதையில் தொடங்கும் அவ்வரிசை பேரிளம்பெண்ணில் முடிகிறது. பேரிளம்பெண்ணின் அகவை எல்லை 40 எனக் கொள்ளப்படுகிறது. உலா இலக்கியம் இவ்வெல்லையைத் தாண்டிச் செல்வதில்லை. முதுபெண்டிர், மூதில் மகளிர், செவிலி என வயது முதிர்ந்த பெண்களைக் குறிக்கும் சொற்கள் சங்க இலக்கியத்தில் உண்டெனினும், அவை அப்பெண்களின் குடும்ப, சமூக நிலையைச் சுட்டுவனவே. உடலின் பருவத்தைச் சுட்டுவன அல்ல. இந்தியப் பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் சராசரி வயது ஏறத்தாழ 46 என இந்திய மெனோபாஸ் கழகத்தினர் நாடு தழுவிய அளவில் மேற்கொண்ட ஆய்வு குறிப்பிடுகிறது. மேலை நாடுகளில் இது 51 அளவில் உள்ளது. ஆகவே இலக்கியம் பெண்ணின் பருவங்களை எண்ணி முடித்த இடத்திற்குச் சற்று அப்பால் தொடங்கி, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நீளும் ஒரு வாழ்க்கைப் பகுதி பெயரின்றி நிற்கிறது.

அப்பருவத்துக்கே உரிய ஒரு நோவு இக்கட்டுரையின் பொருளாகும். அந்நோவுக்கு மருந்து இல்லை என்பதற்கில்லை. மலிவான மருந்து பல்லாண்டுகளாக இருக்கும்போது, விலைமிகுந்த ஒரு கருவி அதனினும் சிறந்ததெனப் பேசப்படுவதும், இரண்டில் எதுவும் ஏரிக்கரைப் பெண்ணை எளிதில் சென்றடையாத நிலை நீடிப்பதும் இங்குக் கவனத்திற்குரியன.

பெயரில்லா நோவு

'தீட்டு நின்றுவிட்டது', 'விலக்கு நின்றுவிட்டது' என்பன மாதவிடாய் நிற்றலைக் குறிக்கும் பேச்சுவழக்குகள். பெரும்பாலும் அவை ஆறுதலோடு சொல்லப்படுகின்றன; விலகியிருக்கும் கட்டுப்பாடு நீங்கியது என்னும் பொருளும் அவற்றில் அடங்கியுள்ளது. ஆனால் அதன்பின் உறுப்பில் நேரும் வறட்சிக்கோ எரிச்சலுக்கோ பொதுவழக்கில் தனிச்சொல் இல்லை. அருகிலிருக்கும் வேறு சொற்கள் அவ்விடத்தை நிரப்புகின்றன. சிறுநீர் கழிக்கும்போது எரிந்தால் நீர்க்கடுப்பு. உறுப்பு காந்தினால் உடற்சூடு. கசிவு ஏதேனும் இருந்தால் வெள்ளைபடுதல். உடலுறவில் வலி என்பதற்கோ எந்தச் சொல்லும் இல்லை. 'முடியவில்லை' என்பதற்குள் அது அடங்கிப்போகிறது.

இந்தப் பெயர்மாற்றத்தால் சிகிச்சையும் மாறுகிறது. நீர்க்கடுப்பு என்று சொல்லி வருபவருக்கு நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரையும், வெள்ளைபடுதல் என்று சொல்லி வருபவருக்குப் பூஞ்சைக்கொல்லியும் கிடைக்கின்றன. சூடு என்று கருதுபவர் மருத்துவரிடம் வருவதே இல்லை. வெந்தயமும் நீர்மோரும் போதுமென்று இருந்துவிடுகிறார்.

பெயரைப் பற்றிய இத்தயக்கம் தமிழுக்கு மட்டும் உரியதன்று. ஆங்கில மருத்துவ வழக்கில் இந்நிலை 'யோனி நலிவு' என்றும் 'நலிவுசார் யோனி அழற்சி' என்றும் நெடுங்காலம் வழங்கிற்று. 2014இல் பெண்களின் பாலியல் நலம் பற்றிய பன்னாட்டுக் கழகமும் வட அமெரிக்க மெனோபாஸ் கழகமும் கூடி, 'மாதவிடாய் நிற்றலின் பிறப்புறுப்பு – சிறுநீர்வழிக் கூட்டறிகுறி' என்று பொருள்படும் புதிய பெயரைப் பரிந்துரைத்தன. பழைய பெயர்கள் சிறுநீர்வழித் தொல்லைகளை உள்ளடக்கவில்லை என்பதும் 'நலிவு' என்னும் சொல் இழிவுக் குறிப்புடையது என்பதும் அதற்குக் கூறப்பட்ட காரணங்கள். 'யோனி' என்னும் சொல்லைப் பொதுவெளியிலும் ஊடகங்களிலும் சொல்லத் தயங்குகிறார்கள் என்பதும் மற்றொரு காரணமாகக் கூறப்பட்டது. 'அல்குல்' என்பதன் பொருள் குறித்து இன்றும் வழக்காடிக்கொண்டிருக்கும் தமிழாய்வாளர்க்கு இது வியப்பளிக்காது. இக்கட்டுரை சுருக்கம் கருதி 'யோனி நலிவு' என்னும் சொல்லையே ஆள்கிறது. சிறுநீர்வழித் தொல்லைகளும் அதனுள் அடங்கும் எனக் கொள்க.

உடலில் நிகழ்வது

யோனியின் உட்சுவரைத் தடிப்பாகவும் ஈரமாகவும் வைத்திருப்பது ஈஸ்ட்ரோஜன் என்னும் இயக்குநீர். அதன் தூண்டுதலால் உட்சுவரின் உயிரணுக்கள் பல அடுக்குகளாகப் பெருகிக் கிளைக்கோஜன் என்னும் மாச்சத்தைச் சேமிக்கின்றன. உதிரும் உயிரணுக்களிலுள்ள அச்சத்தைக்கொண்டு லாக்டோபேசில்லசு நுண்ணுயிர்கள் லாக்டிக் அமிலத்தை உண்டாக்குகின்றன. பால் தயிராவதற்குத் துணைசெய்யும் நுண்ணுயிர்களின் உறவினவே இவை. இதனால் யோனியின் அமிலக்காரக் குறியெண் 3.5 முதல் 4.5 வரையில் நின்று, தீய நுண்ணுயிர்கள் எளிதில் குடியேறாதவாறு காக்கிறது.

சூலகம் ஓய்ந்ததும் ஈஸ்ட்ரோஜன் வீழ்கிறது. உயிரணு அடுக்குகள் குறைகின்றன, மாச்சத்து குன்றுகிறது, அமிலத்தன்மை தளர்ந்து குறியெண் 5க்கு மேல் ஏறுகிறது. குருதியோட்டம் குறைவதால் கசிவும் குறைகிறது. சுவரின் மடிப்புகள் தட்டையாகி, நெகிழ்வு குன்றி, வாயில் ஒடுங்குகிறது. சிறுநீர்ப்புறவழியும் சிறுநீர்ப்பையின் அடிப்பகுதியும் ஈஸ்ட்ரோஜனுக்கு இணங்கும் திசுக்களே. ஆதலால் அடிக்கடி சிறுநீர் கழிக்கும் உந்துதலும் மீண்டும் மீண்டும் வரும் சிறுநீர்த்தொற்றும் இதனோடு சேர்கின்றன.

மாதவிடாய் நிற்கும் காலத்து உடல் வெப்ப அலைகள் சில ஆண்டுகளில் பெரும்பாலும் தணிந்துவிடும். யோனி நலிவு அவ்வாறு தானே தணிவதில்லை. கவனியாதுவிட்டால் மிகுவதே அதன் இயல்பு. மாதவிடாய் நின்ற பெண்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் இதன் ஏதேனும் ஓர் அறிகுறியை உணர்வதாக ஆய்வுகள் காட்டுகின்றன. சூலகங்களும் சேர்த்து நீக்கப்பட்ட பெண்களுக்கு இது ஒரே நாளில் தொடங்கிவிடும். பாலூட்டும் தாய்மாருக்கும், மார்பகப் புற்றுநோய்க்காக ஈஸ்ட்ரோஜனை ஒடுக்கும் மருந்து உட்கொள்வோர்க்கும் இளவயதிலேயே வரலாம்.

உடலுறவின்போது வலி என்றவுடன் அதை நலிவு என்றே முடிவுசெய்துவிடக் கூடாது. மகப்பேற்றின்போது போட்ட தையலின் தழும்பு, இடுப்புத்தளத் தசைகளின் இறுக்கம், கருப்பை அகப்படலம் புறத்தே வளர்தல், வெண்தடிப்புத் தோல்நோய், கட்டுப்படாத நீரிழிவால் வரும் பூஞ்சைத்தொற்று எனக் காரணங்கள் பலவுள்ளன. ஆண்டுக்கணக்கில் வலியோடு வாழ்ந்தவரின் தசைகள், வறட்சி நீங்கிய பின்னும் வலியை எதிர்பார்த்து இறுகிக்கொள்வதுண்டு; அவருக்கு இயன்முறைச் சிகிச்சையும் வேண்டியிருக்கும். மாதவிடாய் நின்று ஓராண்டு கடந்தபின் குருதி காணப்பட்டால், அது வறட்சியால்தான் என்று எண்ணி வாளாவிராமல் புற்றுநோய் இல்லை என்பதை முதலில் உறுதிசெய்தல் வேண்டும்.

லேசர் செய்வதாகக் கூறப்படுவது

இத்துறையில் இருவகை லேசர்கள் பயன்படுகின்றன. ஒன்று 10,600 நானோமீட்டர் அலைநீளமுடைய கரியமில வாயு லேசர். மற்றொன்று 2,940 நானோமீட்டர் அலைநீளமுடைய எர்பியம் லேசர். இரண்டின் ஆற்றலையும் திசுவிலுள்ள நீரே உறிஞ்சுகிறது. உருளை வடிவக் கருவி ஒன்றை யோனிக்குள் செலுத்திச் சுற்றிலும் ஒளியைப் பாய்ச்சுவர். கரியமில வாயு லேசரில் ஒளி புள்ளி புள்ளியாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு புள்ளியும் மிகச்சிறு புண்ணை உண்டாக்கும். இடையிலுள்ள திசு தொடப்படாமல் இருக்கும். அப்புண்கள் ஆறும் முயற்சியில் புதிய கொலாஜன் இழைகளும் நுண்குருதிக் குழாய்களும் தோன்றிச் சுவர் மீண்டும் தடிக்கும் என்பது கருதுகோள். எர்பியம் வகை பெரும்பாலும் திசுவை ஆவியாக்காமல் சூடேற்றுவதோடு நிற்கும். ஓர் அமர்வு சில நிமிடங்களே. நான்கு முதல் ஆறு வார இடைவெளியில் மூன்று அமர்வுகள் என்பது பொதுவான முறை.

முகத்தோலின் சுருக்கத்தையும் தழும்பையும் நீக்கப் பயன்பட்ட நுட்பமே யோனிக்கும் கொண்டுவரப்பட்டது. இத்தாலியில் 50 பெண்களிடம் 12 வாரங்கள் நடத்தப்பட்ட முதனிலை ஆய்வு 2014இல் வெளியானது. வறட்சி, எரிச்சல், உடலுறவு வலி ஆகிய யாவும் குறைந்தன என்று அது கூறிற்று. அதே நாட்டு நிறுவனத்தின் கருவி 'மோனாலிசா டச்' என்னும் பெயரில் உலகெங்கும் பரவியது. அடுத்த சில ஆண்டுகளில் இவ்வகை ஆய்வுகள் பல வந்தன. ஏறக்குறைய எல்லாம் நற்செய்தியே கூறின. ஆனால் அவற்றுள் பெரும்பாலானவற்றில் ஒப்பிட்டுப் பார்க்க இரண்டாவது குழு இல்லை.

போலிச் சிகிச்சைக் குழு காட்டியது

நோயின் அறிகுறி வலி, எரிச்சல் போன்ற உணர்வாக இருக்கையில், சிகிச்சை பெற்றவர் நலமடைந்தார் என்பதைக் கொண்டே சிகிச்சைதான் நலமாக்கியது எனல் ஆகாது. நெடுநாள் மறைத்த தொல்லையை மருத்துவரிடம் சொல்லிவிட்ட ஆறுதல், பெருந்தொகை செலவிட்டதால் எழும் நம்பிக்கை, தொல்லை உச்சத்திலிருக்கும்போது வந்து இயல்பாகவே சற்றுத் தணிந்தமை, இடையில் பயன்படுத்திய வழுவழுப்புக் களிம்பு என யாவும் பங்காற்றியிருக்கலாம். இவற்றைப் பிரித்தறிய ஒரே வழி, பெண்களைக் குலுக்கல் முறையில் இரு குழுக்களாக்கி, ஒரு குழுவுக்கு மெய்யான லேசரும் மற்றதற்குக் கருவியைச் செலுத்திவிட்டுப் பயன்தரும் ஆற்றலைப் பாய்ச்சாத போலிச் சிகிச்சையும் அளித்து, யாருக்கு எது கிடைத்தது என்பதை அவர்கள் அறியாதவாறு ஒப்பிடுவதேயாகும்.

சிட்னி நகரில் அவ்வாறு நடத்தப்பட்ட சோதனையின் முடிவு 2021 அக்டோபரில் அமெரிக்க மருத்துவக் கழக இதழில் வெளியானது. 85 பெண்கள் சேர்க்கப்பட்டனர். 78 பேர் ஓராண்டுக் கண்காணிப்பை நிறைவுசெய்தனர். நூறு அலகுடைய அளவுகோலில் ஒட்டுமொத்தத் தொல்லை, லேசர் பெற்றோரிடம் சராசரியாக 17.2 அலகும் போலிச் சிகிச்சை பெற்றோரிடம் 26.6 அலகும் குறைந்தது. இவ்வேறுபாடு புள்ளியியல் நோக்கில் பொருட்படுத்தத்தக்கதன்று. ஆதலின் போலிச் சிகிச்சையே மேலானது எனக் கூறவியலாது. லேசர் அதைவிட மேலானது என்பதற்கும் சான்றில்லை என்பதே முடிவு. திசுவை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தபோதும் இரு குழுக்களுக்கும் வேறுபாடு தென்படவில்லை. சுவர் தடிக்கும் என்ற கருதுகோளையே இது ஐயத்துக்குள்ளாக்குகிறது.

2023இல் பார்சிலோனாவிலிருந்து மற்றொரு சோதனை வெளிவந்தது. ஈஸ்ட்ரோஜனை ஒடுக்கும் மருந்து உட்கொள்ளும், மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட 84 பெண்களை அது ஆராய்ந்தது. இவர்கள் ஈஸ்ட்ரோஜன் களிம்பைத் தயக்கமின்றிப் பயன்படுத்த இயலாதவர்கள். லேசர் யாருக்கேனும் இன்றியமையாதது என்றால் அது இவர்களுக்கே என்று கருதப்பட்டது. ஐந்து அமர்வுகளுக்குப் பின்னும் மெய்க்குழுவும் போலிக்குழுவும் ஒரே அளவில்தான் முன்னேறின. லேசருக்குச் சார்பான முடிவு தந்த சிறிய போலிக்குழுச் சோதனையும் உண்டு. 58 பெண்களைக் கொண்டு 2021இல் வெளியான ஆய்வு அத்தகையது. ஆயினும் கண்காணிப்புக் காலத்தையும் முறைமையையும் நோக்க, சிட்னிச் சோதனைக்கே மிகுந்த எடையளிக்க வேண்டும் என்பது இக்கட்டுரையாளரின் மதிப்பீடு.

ஐக்கிய அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2018 ஜூலை 30 அன்றே ஓர் எச்சரிக்கை வெளியிட்டிருந்தது. யோனிப் புத்துயிர்ப்பு என்ற பெயரிலும் மாதவிடாய் நிற்றல் தொடர்பான அறிகுறிகளுக்காகவும் லேசர் முதலிய ஆற்றல்சார் கருவிகளைப் பயன்படுத்துவதன் பாதுகாப்பும் பயனும் நிறுவப்படவில்லை என்றும், தீக்காயம், தழும்பு, உடலுறவு வலி, தொடர்வலி ஆகியன நேர்ந்ததாக முறையீடுகள் வந்துள்ளன என்றும் அது கூறிற்று. ஏழு உற்பத்தியாளர்களுக்கு மடல்களும் அனுப்பப்பட்டன. எந்த வலியை நீக்கவெனச் செய்தார்களோ அந்த வலியே தீய விளைவுகளின் பட்டியலில் இடம்பெற்றமை நோக்கத்தக்கது. இங்கிலாந்தின் நைஸ் நிறுவனம் 2021இல், ஆய்வுச்சூழலில் அன்றி இச்சிகிச்சையை அளித்தலாகாது என அறிவுறுத்தியது.

இக்கருவிகள் எவ்வாறு சந்தைக்கு வந்தன என்ற வினா எழலாம். திசுவை வெட்டவும் ஆவியாக்கவும் மகளிர் மருத்துவத்தில் பயன்படும் பொதுக்கருவி என்ற வகையில் அமெரிக்காவில் அவற்றுக்கு இசைவு கிடைத்தது. யோனி நலிவுக்கு மருந்தென அவ்விசைவு சொல்லவில்லை. இந்தியாவில் மருத்துவக் கருவிகள் அனைத்தும் 2020 ஏப்ரல் முதல் மருந்துச் சட்டத்தின் வரம்புக்குள் கொண்டுவரப்பட்டன. எனினும் ஒரு கருவி விற்பனைக்குத் தகுதி பெறுவதும், அதைக்கொண்டு செய்யும் குறிப்பிட்ட சிகிச்சை பயனுடையதென மெய்ப்பிக்கப்படுவதும் வேறு வேறு. விளம்பரம் இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது.

'அறுவையின்றி' என்னும் சொல்

'அறுவைச் சிகிச்சை இல்லை, தையல் இல்லை, மருத்துவமனையில் தங்க வேண்டியதில்லை' என்பது இச்சிகிச்சைக்கான விளம்பரங்களின் பொதுத்தொடர். கத்தி படவில்லை என்ற அளவில் இது மெய்யே. ஆனால் கரியமில வாயு லேசரின் அடிப்படையே நூற்றுக்கணக்கான நுண்புண்களை உண்டாக்குதல் என்பதை அத்தொடர் மறைக்கிறது. புண் இல்லையேல் அச்சிகிச்சைக்கு வேலையே இல்லை. தமிழகப் பெண்களின் செவியில் 'ஆபரேசன் இல்லை' என்னும் சொல் தனி வலிமையோடு ஒலிப்பதற்குக் காரணமுண்டு. குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை, அறுவைப் பேறு, கருப்பை நீக்கம் என அவர்களின் உடல்வரலாறே பெரும்பாலும் அறுவைகளால் எழுதப்பட்டது. இன்னொரு கத்தி வேண்டாம் என்னும் நியாயமான அச்சத்தைத்தான் அவ்விளம்பரம் தன் முதலாக்கிக்கொள்கிறது.

'புத்துயிர்ப்பு', 'இளமை மீட்பு' ஆகிய சொற்களும் கருதத்தக்கவை. நோயைத் தீர்ப்பதற்கான சொல் ஒன்றும், உடலைக் கணவனுக்கு ஏற்றவாறு ஆக்குவதற்கான சொல் ஒன்றும் இங்கே கலந்து நிற்கின்றன. எரிச்சலால் உட்காரவும் இயலாத பெண்ணின் தேவை இரண்டாவதன்று.

ஏற்கெனவே கைவசமுள்ளவை

வறட்சி மட்டுமே தொல்லையாயின், உடலுறவின்போது பயன்படுத்தும் நீர்மவகை வழுவழுப்புப் பொருளும், வாரம் இருமுறையோ மும்முறையோ இடும் ஈரங்காப்புக் களிம்பும் முதற்படி. வீடுகளில் தேங்காயெண்ணெயைப் பயன்படுத்துவோர் உளர். ஆணுறை கிழியக் காரணமாகும் என்பதையன்றி அதற்குப் பெருந்தடை சொல்வதற்கில்லை. சோப்பு, கிருமிநாசினி, நறுமண நீர் ஆகியவற்றால் உட்புறத்தைக் கழுவுவதை நிறுத்தினாலே சிலர்க்கு எரிச்சல் பாதி குறையும்.

அதற்கு அடுத்தது உறுப்பிலேயே இடும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன். இந்தியாவில் எஸ்ட்ரியால் களிம்பு நெடுங்காலமாகக் கிடைக்கிறது. இரண்டு வாரம் நாள்தோறும், பின்னர் வாரம் இருமுறை என்பது பொதுவான அளவு. காக்ரேன் அமைப்பு 2016இல் 30 சோதனைகளையும் 6,235 பெண்களையும் உள்ளடக்கி வெளியிட்ட தொகுப்பாய்வு, களிம்பு, மாத்திரை, வளையம் ஆகிய வடிவங்களுக்கிடையே பயனில் வேறுபாடு இல்லையென்றும், மருந்தற்ற போலிப் பொருளைவிட இவை அறிகுறிகளைக் குறைக்கின்றன என்றும் கண்டது. சான்றின் தரம் உயர்வானதன்று என்பதையும் அதுவே ஒப்புக்கொண்டது.

இவ்விடத்தில் லேசருக்குக் காட்டிய கண்டிப்பை மருந்துக்கும் காட்டுவதே முறை. 2018இல் வெளியான அமெரிக்கச் சோதனை ஒன்றில் 302 பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மாத்திரை, ஈரங்காப்புக் களிம்பு, போலிக் களிம்பு ஆகியன தரப்பட்டன. 12 வாரங்களில் மூன்று குழுவினருமே ஏறத்தாழ ஒரே அளவில் நலமடைந்தனர். போலிக் களிம்பும் ஒரு களிம்பே. அதுவும் ஈரம் தருவதே என்பது இதற்கு ஒரு விளக்கமாகலாம். எவ்வாறாயினும், தொல்லை எளிதாயின் எளிய களிம்பிலிருந்து தொடங்குவதற்கு அச்சோதனை வலுச்சேர்க்கிறது. சுவர் மெலிந்து, சிறுநீர்த்தொற்று திரும்பத் திரும்ப வருமாயின் ஈஸ்ட்ரோஜனுக்கே தேவை மிகுதி.

ஈஸ்ட்ரோஜன் என்றாலே புற்றுநோய் என்னும் அச்சம் 2002இல் அமெரிக்கப் பெண்கள் நல முன்னெடுப்பு ஆய்வின் ஒரு பகுதி இடையில் நிறுத்தப்பட்டதிலிருந்து பரவியது. அது வாய்வழி உட்கொள்ளும் கூட்டு இயக்குநீர் பற்றியது. உறுப்பில் இடும் சிறு அளவு குருதியில் மிகக் குறைவாகவே கலக்கிறது. அதே முன்னெடுப்பின் கண்காணிப்புப் பிரிவில் 45,663 பெண்களைத் தொடர்ந்து நோக்கியபோது, யோனிவழி ஈஸ்ட்ரோஜன் பயன்படுத்தியோர்க்கு மார்பகப் புற்றுநோயோ இதயநோயோ கூடுதலாக வரவில்லை என 2018இல் அறியப்பட்டது. மார்பகப் புற்றுநோய் கண்டவர் மட்டும் தம் புற்றுநோய் மருத்துவரின் இசைவோடு பயன்படுத்தல் வேண்டும். லேசரையும் ஈஸ்ட்ரோஜன் களிம்பையும் நேரடியாக ஒப்பிட்ட அமெரிக்கச் சோதனையில் ஆறு மாத முடிவில் இரண்டும் ஒத்த பயனையே காட்டின. 69 பெண்களோடு அது முன்னதாகவே நிறுத்தப்பட்டமையால் அதைக்கொண்டு மேலும் வாதிடல் இயலாது. ஒத்த பயன் என்றே கொண்டாலும், ஒரு களிம்புக் குழலுக்கும் மூன்று லேசர் அமர்வுகளுக்கும் இடையிலுள்ள விலைவேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை.

சுண்ணாம்புக்குளத்திலிருந்து பார்க்கையில்

சுண்ணாம்புக்குளம் கும்மிடிப்பூண்டி வட்டத்தில், ஆந்திர எல்லையை ஒட்டிப் பழவேற்காட்டு ஏரியின் மேற்கரைப் பகுதியில் உள்ளது. சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. அதன் பெரும்பகுதி ஆந்திரத்தைச் சார்ந்தது. ஏரியில் யார், எந்நாளில், எவ்விடத்தில் வலையிடலாம் என்பதை முறைவைத்துப் பகிரும் 'பாடு' வழக்கம் சமூகவியலாளரால் விரிவாக ஆராயப்பட்டது. அவ்வுரிமை ஆண்களுக்குரியது. பெண்களின் உழைப்பு மீன் விற்றல், உலர்த்தல், இறால் பிடித்தல் என அப்பங்கீட்டுக்கு வெளியே நிகழ்கிறது. ஏரியையும் பக்கிங்காம் கால்வாயையும் சார்ந்த இருளர் பெண்கள் பனையோலைக் கூடையை வாயில் கவ்வியபடி, இடுப்பளவு நீரில் மணிக்கணக்கில் கையால் தடவி இறால் சேர்க்கின்றனர்.

உவர்நீரில் நிற்பதால்தான் இந்நோவு வருகிறது எனக் கூறுதல் எளிது. ஆனால் அது பிழையாகும். நலிவின் காரணம் இயக்குநீர்க் குறைவே; அது ஏரிக்கரைக்கும் மாடிவீட்டுக்கும் பொது. எனினும் மெலிந்த தோலில் ஈரத்துணி உரசுவதும், சேற்றுநீர் படுவதும், மறைவிடம் இன்மையால் சிறுநீரை அடக்குவதும் உள்ள தொல்லையை மிகுவிக்கக் கூடியன. நகரத்துப் பெண்ணுக்கு உடலுறவின்போது மட்டும் தெரியும் எரிச்சல், நீரில் நிற்பவருக்கு நாள்முழுதும் தெரியலாம்.

ஏரியின் மறுகரைச் செய்தி ஒன்றும் இங்குப் பொருந்தும். தேசியக் குடும்பநல ஆய்வுகள் கருப்பை நீக்கம் மிகுந்த மாநிலங்களாக ஆந்திரப் பிரதேசத்தையும் தெலங்கானாவையும் காட்டுகின்றன. 15 முதல் 49 வயதுக்குட்பட்ட இந்தியப் பெண்களில் நூற்றுக்கு மூவர் அளவில் கருப்பை நீக்கப்பட்டவர்கள்; ஆந்திரத்தில் அவ்விகிதம் அதனினும் இரண்டு மடங்குக்கு மேல். வெள்ளைபடுதல், மிகு உதிரப்போக்கு என்று சென்றவர்கள் இவ்வறுவைக்கு உள்ளாகிச் சூலகத்தையும் இழந்தால், அவர்களுக்கு நலிவு முப்பதுகளிலேயே தொடங்கும். ஒரு சிகிச்சை அடுத்த நோய்க்கு வித்தாகும் இந்நிலையை லேசர் விளம்பரங்கள் பேசுவதில்லை. பொதுச் சுகாதார நூல்களும் அரிதாகவே பேசுகின்றன.

தமிழக அரசின் மகப்பேற்றுப் பணிகள் கருவுற்ற நாள் முதல் பெண்ணைப் பெயரோடு பதிந்து பின்தொடர்கின்றன. கிராமச் சுகாதாரச் செவிலியர் அவரது வீட்டையும் அறிவார், குழந்தையின் தடுப்பூசி நாளையும் அறிவார். குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை முடிந்ததும் அத்தொடர்பு தளர்ந்துவிடுகிறது. இங்கே அவ்வறுவை பெரும்பாலும் இருபதுகளிலேயே நடந்துவிடுவதால், மாதவிடாய் நிற்கும் வரையில் இருபதாண்டுகள் அவருடைய இனப்பெருக்க உறுப்புகளைப் பற்றி அரசு கேட்பதற்கு ஏதுமில்லை. பாட்டியல் நூலார் நாற்பதில் நிறுத்தினர். மகப்பேற்றுப் பதிவேடு அதற்கும் முன்பே நிறுத்துகிறது.

மீண்டும் அவர் வீட்டுவாயிலில் அரசு நிற்பது 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் வழியாகத்தான். பெண் சுகாதாரத் தன்னார்வலர் வந்து குருதியழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை தருகிறார். இயன்முறைச் சிகிச்சையும் அத்திட்டத்தின் ஒரு பகுதி. அவர் அதே ஊரைச் சேர்ந்தவர். அக்கா, அத்தை என்று முறைவைத்து அழைப்பவர். “அக்கா, தீட்டு நின்ன பிறகு கீழே காய்ஞ்ச மாதிரி எரியுதா? ஒண்ணுக்குப் போறப்ப கடுக்குதா?” என்னும் வினா அவர் வாயில் இயல்பாக வரக்கூடியது. வினாவை உடலுறவிலிருந்து தொடங்காமல் எரிச்சலிலிருந்து தொடங்குவது நல்லது. கைம்பெண்களும் கணவரைப் பிரிந்தோரும் இந்நோவுக்கு விலக்கல்லர்; உடலுறவைப் பற்றிய வினா அவர்களை அவமதிப்பதாகவே முடியும். வலியைப் பற்றிய வினா அடுத்தடுத்த சந்திப்புகளில், கணவர் வீட்டிலில்லாத வேளையில் வரலாம்.

ஆம் என்ற விடை வந்தால் அதை ஏற்பதற்கு ஒரு மேசை வேண்டும். ஆரம்பச் சுகாதார நிலையத்தில் முப்பது வயது கடந்த பெண்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய் கண்டறியும் சோதனை நடைபெறுகிறது. யோனி விரிப்பான் கொண்டு பார்க்கும் அச்சோதனையில் வெளிறிய, மெலிந்த, தொட்டால் கசியும் சுவர் கண்ணெதிரே தெரியும். ஆனால் பதிவுத்தாளில் கருப்பைவாயைக் குறிக்கவே இடமுண்டு. மாதவிடாய் நின்றவர்க்கு விரிப்பான் வலிப்பதும், அவ்வலிக்கு அஞ்சி மறுமுறை வராதிருப்பதும் சோதனையின் தோல்வியாகவே எண்ணப்படுகின்றன. நோயின் அறிகுறியாக எண்ணப்படுவதில்லை. மேலும், மாதவிடாய் நின்றபின் கருப்பைவாயின் மாறுநிலைப் பகுதி உள்ளொடுங்குவதால், அசெட்டிக் அமிலம் தடவிக் கண்ணால் பார்க்கும் முறை அவ்வயதினர்க்கு ஏற்றதன்று. அவர்களை மேல்மருத்துவமனைக்கு அனுப்பும் சீட்டிலேயே நலிவையும் ஒரு வரியாகக் குறிக்க இயலும்.

சீட்டு எழுதப்பட்டபின் உள்ள வழி, பொன்னேரி அரசு மருத்துவமனையோ சென்னையோ ஆகும். எழும்பூர் மகப்பேறு, மகளிர் நோயியல் நிலையம் 1844 முதல் இயங்கி வருவது. அங்கே மருத்துவர்க்குக் குறைவில்லை. ஆரம்பாக்கம் வந்து தொடர்வண்டி பிடித்து அங்கே சென்று திரும்ப ஒரு நாள் கூலி போகும். எரிச்சலுக்காக ஒரு நாள் கூலியை இழக்க ஏரிக்கரைப் பெண் துணிவது அரிது. சீட்டு பெட்டியில் கிடக்கும். எஸ்ட்ரியால் களிம்போ அறுவையரங்கமோ மின்கருவியோ கேட்பதன்று. மகளிர் மருத்துவர் ஒருமுறை பார்த்து எழுதித் தந்தால், சர்க்கரை மாத்திரையைக் கொண்டுவரும் அதே பையில் இரண்டு மாதத்துக்கு ஒரு குழலாக அது சுண்ணாம்புக்குளத்துக்கு வந்து சேர முடியும். வீடுதேடிச் செல்லும் அந்தப் பைக்குரிய பணிகளாக உயர் குருதியழுத்தம், நீரிழிவு, வலிதணிப்புப் பராமரிப்பு, இயன்முறைச் சிகிச்சை முதலியன வகுக்கப்பட்டன. மாதவிடாய் நின்ற பெண்ணுக்கே உரிய நோவு அவ்வரிசையில் முதன்மைபெறவில்லை.